சிவப்பு விளக்கு எரிந்தது, பெல் அடிக்கவில்லை

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் 19 வருஷமாக பயோமெடிக்கல் டெக்னீஷியனாக இருக்கிறேன். மானிட்டர், சிரிஞ்ச் பம்ப், சக்ஷன் மெஷின் என்று எது மக்கர் பண்ணினாலும் வார்டிலிருந்து எனக்குத்தான் போன் வரும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துபோனது. அதிலிருந்து வீட்டிலும் அதே வேலைதான். கட்டிலோரம் ஒரு வயர்லெஸ் பெல், மெத்தைமேல் அம்மா எழுந்தால் தெரிவிக்கும் ஒரு சென்சார் பேட், அழைப்பு வந்தால் அடிக்க என் இடுப்பில் ஒரு பேஜர். இவற்றை வாங்குவது சுலபம், ஆன்லைனில் இரண்டு நாளில் வந்துவிடும். நம்பித் தூங்குகிற அளவுக்குக் கொண்டுவருவதற்குத்தான் வேலை இருக்கிறது. அந்த வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எங்கள் வார்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஆண்கள் பொது வார்டு, கடைசிக் கட்டில், ராத்திரி இரண்டு மணி. சர்க்கரைப் புண்ணுக்குக் காலில் கட்டுப் போட்டிருந்த பெரியவர் ஒருவர் பாத்ரூம் போக பட்டனை அழுத்தினார். பட்டனில் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. சரி, சிஸ்டர் வந்துவிடுவார் என்று காத்திருந்தார். மறுபடி அழுத்தினார். மூன்றாவது தடவைக்கு அப்புறம் தானே இறங்கினார், டிரிப் ஸ்டாண்டோடு சேர்ந்து விழுந்தார். நல்லவேளை, மணிக்கட்டு வீக்கத்தோடு போயிற்று.

காலையில் இன்சார்ஜ் சிஸ்டர், “தம்பி, உங்க மெஷின் எங்களைக் கவுத்திருச்சு” என்றார். அவர் பேஜர் ராத்திரி முழுக்க ஒரு தடவைகூட அடிக்கவில்லை. வார்டு அமைதியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கேஸ் ஷீட் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். பட்டனில் கோளாறு இல்லை, பேட்டரியில் கோளாறு இல்லை. அரை மணி நேரம் தேடியபிறகுதான் கண்ணில் பட்டது. சிக்னலை நடுவில் வாங்கித் திருப்பி அனுப்ப ஒரு ரிப்பீட்டர் வைத்திருந்தோம். யாரோ அதைப் பிளக் பாயிண்டிலிருந்து பிடுங்கி ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு போனுக்கு சார்ஜ் போட்டிருந்தார்கள். நோயாளியோடு துணைக்கு வந்தவர்களுக்கு ஆஸ்பத்திரி ராத்திரியில் ஒரு பிளக் பாயிண்ட் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். திட்டி என்ன செய்ய?

என்னை உறுத்தியது அந்தச் சிவப்பு விளக்கு. சாதாரண வயர்லெஸ் பட்டனுக்கு வாய் மட்டும்தான் உண்டு, காது கிடையாது. “அழுத்தினீர்கள், நான் கத்திவிட்டேன்” என்பதைத்தான் விளக்கு சொல்கிறது. கத்தியது யார் காதிலாவது விழுந்ததா என்பது அதற்கே தெரியாது. இந்தப் பக்கம் பேஜருக்கும் அதே கதி. நோயாளி நிம்மதியாகத் தூங்கினாலும் அது சும்மா இருக்கும். பட்டன் செத்துப்போனாலும் அது சும்மாதான் இருக்கும். இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட என்ன வழி என்று யோசித்து யோசித்துச் சேர்த்தவைதான் கீழே இருப்பவை.

வாங்கும்போது

ஓசையையும் விலையையும் பார்ப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: பட்டனோ பேடோ தொடர்பிலிருந்து விழுந்துவிட்டால் ரிசீவர், அதாவது சிக்னலை வாங்கி நமக்குத் தெரிவிக்கும் பெட்டி, தானாகச் சொல்லுமா? நல்ல செட்டுகளில் பட்டன் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை “இருக்கிறேன்” என்று சத்தமில்லாமல் ஆஜர் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஆஜர் வரவில்லை என்றால் ரிசீவர் கூவும். விலை கூடுதல்தான். ஆனால் ராத்திரியில் தனியாக இருக்கும் நோயாளிக்கு இது இல்லாத செட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். வீட்டுக்கு மலிவான செட்தான் கட்டுப்படியாகும் என்றால், அந்த ஆஜரை நாமே எடுக்க வேண்டும். எப்படி என்று கடைசியில் சொல்கிறேன்.

அடுத்தது, அழைப்பு வந்தால் யாராவது ரத்து செய்யும்வரை அடிக்கிறதா, இல்லை மூன்று முறை ‘டிங் டாங்’ என்று பாடிவிட்டு அடங்கிவிடுகிறதா? பாடிவிட்டு அடங்குவது வாசல் மணி. வாசலில் நிற்பவர் மறுபடி அழுத்துவார். கட்டிலிலிருந்து விழுந்தவரால் அது முடியாது. இன்னொன்று, கரண்ட் போய் வந்தபிறகு ரிசீவருக்குப் பட்டனை ஞாபகம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடையிலேயே ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிச் செருகிப் பார்த்தால் தெரிந்துவிடும். இந்தியாவில் விற்கும் வயர்லெஸ் சாதனத்துக்கு மத்திய அரசின் வயர்லெஸ் பிரிவான டபிள்யூ.பி.சி.யின் ஈ.டி.ஏ. என்ற கருவி ஒப்புதல் வேண்டும். மருத்துவமனைக்கு வாங்குகிறவர்கள் அந்தச் சான்றிதழைக் கேட்டு வாங்கி ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள்.

நடந்து பார்ப்பது

அட்டைப்பெட்டியில் 300 மீட்டர் என்று போட்டிருக்கும். அது பொட்டல்வெளிக் கணக்கு. நம் வீட்டுக் கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பி இருக்கிறது, நடுவில் ஒரு கோத்ரெஜ் பீரோ, அதற்கு அந்தப் பக்கம் ஃப்ரிட்ஜ். மருத்துவமனை என்றால் லிஃப்ட் கூண்டும் எக்ஸ்ரே அறையின் ஈயத்தகடும் சேர்ந்துகொள்ளும். அதனால் அட்டைப்பெட்டியை மறந்துவிட்டு நடந்து பாருங்கள். ஒருவர் கட்டிலருகே பட்டனோடு, இன்னொருவர் பேஜரோடு. பேஜரைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள். நிஜத்தில் எங்கே மாட்டுவீர்களோ, இடுப்பிலோ பையிலோ, அங்கேயே இருக்கட்டும்; நம் உடம்பே சிக்னலைக் கொஞ்சம் குடித்துவிடும். ராத்திரி மூடும் கதவுகளை எல்லாம் மூடிவிட்டு, ஒவ்வொரு இடத்திலும் ஐந்து தடவை அழுத்தச் சொல்லுங்கள். ஐந்துக்கு ஐந்து வர வேண்டும். நான்கு வந்தாலும் அந்த இடம் ஃபெயில்தான்.

எங்கள் வீட்டில் கொல்லைப்புறம் துவைக்கிற கல் பக்கத்தில் ஐந்துக்கு இரண்டுதான் வந்தது. அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் அக்கா தினமும் ஒரு மணி நேரம் இருக்கும் இடமே அதுதான். பீரோவுக்குப் பின்னால் செருகியிருந்த ரிசீவரை எதிர்ச் சுவருக்கு மாற்றியதும் ஐந்தும் வந்தன. பீரோவை நகர்த்தினால், புது அலமாரி வந்தால், மறுபடி நடந்து பார்க்க வேண்டும். வார்டில் கட்டில் வரிசையை மாற்றினாலும் இப்படித்தான்.

ரிப்பீட்டரும் ரிசீவரும் செருகும் இடத்தில் இப்போது நாங்கள் ஸ்விட்ச் இல்லாத பாயிண்ட் வைத்து, தலைக்கு மேல் உயரத்தில், பட்டை போட்டு இறுக்கிவிட்டோம். ‘கழற்றாதீர்கள்’ என்று எழுதி ஒட்டியதைவிட உயரம்தான் உதவியது. அந்த பாயிண்ட் யூ.பி.எஸ். லைனில் இருக்க வேண்டும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலும், கரண்ட் மாறும் அந்த ஒரு நொடியில் சில ரிசீவர்கள் உறைந்து நின்றுவிடும். மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்கு பகலில் கரண்டை நிறுத்தும் நாள் இதைச் சோதிக்க நல்ல நாள். நின்றதும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், வந்ததும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

பேட்டரி

மலிவான பட்டன்களில் பெரும்பாலும் 23ஏ என்ற 12 வோல்ட் பேட்டரி இருக்கும், சுண்டு விரலில் பாதி அளவு. பிரித்துப் பார்த்தால் உள்ளே எட்டு குட்டி பட்டன் செல்களை அடுக்கியிருப்பார்கள். இது ஒரே நாளில் சாகாது. வோல்டேஜ் இறங்க இறங்க எட்டும் தூரம் சுருங்கும். சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். பக்கத்து அறையிலிருந்து அடித்துப் பார்த்தால் வேலை செய்யும், கொல்லைப்புறத்துக்கு எட்டாது. ஆகவே பேட்டரி தீர்ந்தபிறகு மாற்றுவது என்ற பேச்சே இதில் கூடாது, தேதி வைத்து மாற்ற வேண்டும். நான் தை, சித்திரை, ஆடி, ஐப்பசி முதல் தேதிகளில் மாற்றுகிறேன். காலண்டரைத் தேட வேண்டாம், வீட்டில் பெண்களே ஞாபகப்படுத்திவிடுவார்கள். மாற்றிய தேதியை ஒரு துண்டு பிளாஸ்திரியில் எழுதிப் பட்டனின் பின்னால் ஒட்டுகிறேன். கழற்றிய பேட்டரியை “இன்னும் கொஞ்சம் சார்ஜ் இருக்கு” என்று டிராயரில் போட்டு வைக்காதீர்கள். அவசரத்தில் அதுதான் கையில் கிடைக்கும்.

வேறு சில பட்டன்களில் சி.ஆர்.2032 என்ற தட்டையான லித்தியம் செல் இருக்கும். பேரப்பிள்ளைகள் வந்துபோகும் வீட்டில் இதை மருந்துபோல் பூட்டி வையுங்கள். குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே வெந்து புண்ணாகிவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே போதும். வாந்தி எடுக்க வைக்க முயலாமல், எக்ஸ்ரே வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு உடனே ஓடுங்கள். காலைவரை பார்க்கலாம் என்று இருக்கவே கூடாது. பட்டனின் பேட்டரி மூடியில் திருகாணி இருக்கும் செட்டாகவே வாங்குங்கள்.

உடம்பில் மாட்டுவதில்

கழுத்தில் கயிறு போட்டு மாட்டும் பட்டன் என்றால், இழுத்தால் பட்டென்று கழன்றுவிடும் கொக்கி அதில் இருக்க வேண்டும். சாதாரண நாடாவில் கோத்து மாட்டினால், ராத்திரி புரளும்போது கட்டில் கம்பியில் சிக்கிக் கழுத்தை இறுக்கும். குழப்பத்தில் இருக்கும் நோயாளிக்குக் கழுத்துக் கயிறே வேண்டாம், மணிக்கட்டில் கட்டுங்கள். பக்கவாதம் என்றால் பட்டன் நல்ல கைப் பக்கம் இருக்க வேண்டும், அதிலும் அந்தக் கையால் அழுத்த முடிகிறதா என்று பார்த்துப் பொருத்த வேண்டும். வலது கை மணிக்கட்டில் கட்டிய பட்டனை அதே வலது கையால் அழுத்த முடியாது என்பது எனக்கு அம்மா சொல்லித்தான் உறைத்தது! 19 வருஷ சர்வீஸ். இப்போது பெரிய பட்டனாக வாங்கி, வலது கைப் பக்கம் கட்டில் சட்டத்தில், உள்ளங்கை விழும் இடத்தில் பொருத்தியிருக்கிறேன். கொசுவலைக்கு வெளியே போய்விடாமல், உள்ளே.

சட்டையில் கிளிப் போட்டு, நோயாளி எழுந்தால் கயிறு இழுபட்டு அலாரம் அடிக்கும் வகை ஒன்று உண்டு. அதன் முனையில் பலவற்றிலும் காந்தம் இருக்கும். பேஸ்மேக்கரோ, இதயத் துடிப்பு தாறுமாறானால் ஷாக் கொடுக்க உள்ளே பொருத்திய டிஃபிப்ரிலேட்டரோ இருப்பவருக்கு அந்தக் காந்தம் நெஞ்சிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். நெருக்கத்தில் வந்தால் காந்தம் பேஸ்மேக்கரின் போக்கை மாற்றும், டிஃபிப்ரிலேட்டரைச் செயல்படாமல் நிறுத்தி வைக்கும். எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குக் கிளம்பும்போது மோதிரம், தோடு கழற்றுவதோடு மணிக்கட்டுப் பட்டனையும் கழற்ற வேண்டும், கூடப் போகும் சிஸ்டரின் பேஜரும் வெளியிலேயே இருக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. மெஷினின் காந்தத்துக்கு ‘ஆஃப்’ கிடையாது.

வீட்டில் ஆக்சிஜன் ஓடுகிறதா? பேட்டரி மாற்றுவது, அடாப்டரைச் செருகுவது எல்லாம் தள்ளிப்போய்ச் செய்யுங்கள். ஆக்சிஜன் தானாக எரியாது. ஆனால் சின்னப் பொறியையும் அது பெரிதாக்கிவிடும், போர்வையிலும் தலையணையிலும் ஊறி நிற்கும். பட்டனைத் துடைக்கும் ஸ்பிரிட்டோ தானே தீப்பிடிக்கும், நன்றாகக் காய்ந்தபிறகு கட்டிலுக்குக் கொண்டுவாருங்கள். துடைப்பது என்றால் ஈரத்துணியால் துடைப்பது. சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்துவிட்டு “சார், பெல் வேலை செய்யலை” என்று வருபவர்கள் மாதத்துக்கு ஒருவராவது உண்டு.

மருத்துவ மானிட்டர், பம்ப் இவற்றுக்கு ஒட்டினாற்போல் பேஜர் டிரான்ஸ்மிட்டரை வைக்க வேண்டாம். மருத்துவக் கருவிகளுக்கான மின்காந்தத் தரநிலை, கையடக்க ரேடியோ சாதனங்களுக்குச் சொல்லும் இடைவெளி 30 சென்டிமீட்டர். ஒரு ஸ்கேல் நீளம் என்று சிஸ்டர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

மெத்தை பேட்

படுத்திருப்பவர் எழுந்தால் அடிக்கும் சென்சார் பேடில் மூன்று தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஒன்று, இடுப்புக்குக் கீழே போடுவது. அப்படிப் போட்டால், அவர் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து எழுந்தபிறகுதான் அடிக்கும், நாம் ஓடுவதற்குள் விழுந்திருப்பார். எங்கள் அனுபவத்தில் தோளுக்குக் கீழே போட்டால் தலை தூக்கும்போதே அடிக்கிறது. சும்மா புரண்டாலும் சில நேரம் அடிக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டாவது, படுக்கைப் புண்ணுக்காகப் போடும் ஏர் பெட்டுக்கு அடியில் பேடை வைப்பது. காற்று ஏறி இறங்கும்போது பேட் குழம்பிவிடும். மேலே, விரிப்புக்கு அடியில், சுருக்கம் இல்லாமல் போட வேண்டும், அந்த இடத்துத் தோலை தினமும் பார்க்க வேண்டும். மூன்றாவது, வயரைத் தரையில் குறுக்கே விடுவது. விழாமல் காக்க வந்த வயரே தடுக்கி விழ வைத்துவிடும்.

பேடுக்கு ஆயுள் உண்டு. கம்பெனி 6 மாதமோ ஒரு வருஷமோ சொல்லியிருக்கும், போட்ட தேதியை மார்க்கரில் அதன்மேலேயே எழுதிவிடுங்கள். குளிப்பாட்டும்போது அலாரத்தை நிறுத்தி வைப்பீர்கள் இல்லையா, திரும்பப் போட மறப்பது அங்கேதான். எங்கள் அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். நிறுத்தியதும் தன் வளையல் ஒன்றைக் கழற்றி ஸ்விட்சின் மேல் மாட்டிவிடுவார். கை வெறுமையாக இருந்தால் அலாரம் போடவில்லை என்று அர்த்தம்.

பாத்ரூமுக்கு இழுக்கும் கயிறு வைத்தால் தரையிலிருந்து நான்கு விரல் உயரம்வரை தொங்க வேண்டும். பிரிட்டனில் இதற்கு விதியே இருக்கிறது: கயிற்றில் இரண்டு சிவப்பு வளையம், ஒன்று தரையிலிருந்து 10 சென்டிமீட்டரில், இன்னொன்று 80 முதல் 100 சென்டிமீட்டருக்குள். விழுந்து கிடப்பவர் கைக்கு எட்டத்தான் கீழ் வளையம். பெருக்கித் துடைக்க இடைஞ்சல் என்று நம் ஆட்கள் அதைச் சுருட்டி ஆணியில் கட்டிவிடுவார்கள். எங்கே பார்த்தாலும் அவிழ்த்துவிடுங்கள்.

பால்காரரும் டல்லாஸும்

எங்கள் பேஜர் கொஞ்ச நாள் தினமும் விடிகாலை 5.30க்கு அடித்தது. ஓடிப் போய்ப் பார்த்தால் அம்மா குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருப்பார். ஒரு வாரம் கழித்துத்தான் விளங்கியது, பக்கத்து வீட்டுப் பால்காரர். அவர்கள் வாசல் மணியும் எங்கள் பெல்லும் ஒரே கம்பெனி, ஒரே 433 மெகாஹெர்ட்ஸ், போதாக்குறைக்கு ஒரே அடையாள எண். எண்ணை மாற்றியதும் சரியாகிவிட்டது. அந்த அலைவரிசையில் கேட் ரிமோட், கார் சாவி எல்லாம் பேசிக்கொண்டிருக்கின்றன. காற்றுக்குப் பட்டா கிடையாது.

இது பக்கத்து வீட்டோடு நிற்கும் விஷயம் இல்லை. 1998 பிப்ரவரி இறுதியில் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஒரு டி.வி. நிலையம் டிஜிட்டல் ஒளிபரப்பைச் சோதித்துப் பார்த்தது. அந்த ஊர்ப் பெரிய மருத்துவமனை ஒன்றின் வயர்லெஸ் இதய மானிட்டர்கள் திடீரென்று செயலிழந்தன. இரண்டும் ஒரே அலைவரிசையில் இருந்திருக்கின்றன. அதன்பிறகுதான், 2000இல், மருத்துவ டெலிமெட்ரிக்கென்றே, அதாவது நோயாளியை வயர்லெஸ்ஸில் கண்காணிப்பதற்கென்றே, தனி அலைவரிசைகளை அங்கே ஒதுக்கினார்கள். அதே 1998 மே 19 அன்று கேலக்ஸி 4 என்ற ஒரே ஒரு செயற்கைக்கோள் பழுதாகி அமெரிக்கப் பேஜர்களில் பெரும்பாலானவை ஊமையாயின, டாக்டர்களின் பேஜர்கள் உட்பட. எந்த செட் வாங்கினாலும் இன்னொரு வழி கையில் இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். அம்மா கட்டிலில் ஒரு பித்தளைப் பூஜை மணியும் தொங்குகிறது.

பால்காரர் விஷயத்தில் எனக்குப் பயம் தந்தது வேறு. ஐந்தாவது நாள் பேஜர் அடித்தும் நான் எழுந்திருக்கவில்லை. பால்காரர் என்பது தெரியாமலே, “இந்நேரத்துக்கு அடிக்கும், சும்மாதான்” என்று என் உடம்பு முடிவு செய்துவிட்டது. வார்டில் இதுதான் ஆள் கொல்லும். அமெரிக்க மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயிண்ட் கமிஷன் 2013இல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. 2009 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை அதற்குத் தெரிவிக்கப்பட்ட அலாரம் சம்பந்தமான சம்பவங்கள் 98. அவற்றில் 80 பேர் இறந்திருந்தார்கள். அடித்து அடித்துக் காது மரத்துப்போவது, சத்தத்தைக் குறைத்து வைப்பது, அணைத்து வைப்பது எல்லாம் காரணங்களில் உண்டு. பொய் அலாரம் ஒன்று வந்தால் அன்றைக்கே காரணத்தைத் தேடுங்கள். பேஜரை வைப்ரேஷனில் போட்டு மேஜை டிராயரில் வைப்பதை நான் எந்த வார்டில் பார்த்தாலும் சண்டைதான். டியூட்டி மாறும்போது பேஜர் கைமாற வேண்டும், வாங்குகிறவர் எதிரிலேயே ஒரு கட்டிலிலிருந்து அழுத்திக் காட்ட வேண்டும். ஆகப்போவது 20 வினாடி.

பேஜர் திரையில் கட்டில் எண் மட்டும் வரட்டும். பேரும் நோயும் வேண்டாம். பழைய வகைப் பேஜர் செய்திகள் பூட்டு இல்லாத தபால் அட்டை மாதிரி, மலிவான ரிசீவர் வைத்திருக்கும் யாரும் படிக்கலாம். செல்போன் ஆப்பில் அலாரம் வரும் செட்டைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதை மட்டும் நம்பாதீர்கள். பேட்டரி சேமிப்பு என்று போன் அந்த ஆப்பைத் தூங்க வைத்துவிடும், கரண்ட் போனால் வைஃபை போய்விடும்.

அம்மாவின் ஆஜர்

இத்தனையும் செய்தபிறகும் ஒரு மாதம் பெல் அடிக்கவே இல்லை. சந்தேகப்பட்டு அம்மாவிடம் கேட்டால், “நாள் பூரா வேலை பார்த்துட்டு வந்து தூங்குற, உன்னை எதுக்கு எழுப்பணும்னு இருந்தேன்” என்கிறார். நனைந்த துணியோடு விடியும்வரை படுத்திருந்திருக்கிறார். வார்டிலும் வயதானவர்கள் இப்படித்தான், சிஸ்டர் கோபித்துக்கொள்வார் என்று அழுத்த மாட்டார்கள். அழுத்தும் பழக்கத்தைச் சின்ன விஷயத்தில் ஆரம்பித்தால்தான் பெரிய விஷயத்தில் கை தானாகப் போகும். அதனால் காபியில் ஆரம்பித்தேன். காலை 6 மணிக்கு அம்மா பெல் அடித்தால்தான் காபி. அடிக்காமல் கேட்டால் கிடையாது.

அம்மாவுக்கு இது விளையாட்டாகப் போனது. எனக்கு அதுதான் தினசரி ஆஜர். பட்டன், பேட்டரி, ரிசீவர், பேஜர், அழுத்தும் கை, ஐந்தும் சரியாக இருந்தால் மட்டுமே 6 மணிக்கு அடிக்கும். 6.05 வரை பார்ப்பேன், அடிக்கவில்லை என்றால் எழுந்து போவேன்.

போன ஆவணி மாதம் ஒருநாள் அடிக்கவில்லை. பேட்டரி மாற்றி இரண்டு மாதம்கூட முடியவில்லை, அதனால் வேறு என்னென்னவோ நினைத்துக்கொண்டு ஓடினேன். அம்மா முழித்துக்கொண்டுதான் இருந்தார். கட்டை விரலால் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தார், சிவப்பு விளக்கு எரிந்து எரிந்து அணைந்துகொண்டிருந்தது. கடையில் போலி பேட்டரியைத் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

“எத்தனை தடவைப்பா அடிக்கிறது, காபி எங்க?” என்றார்.